விஞ்சு, மிஞ்சு, முந்து: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு சிறிய அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பது என் வேலை. பரிசளிப்பு விழா மலர், அரங்கேற்ற அழைப்பிதழ், மணிவிழா வாழ்த்துப்பா, பிரியாவிடை மடல் என்று நாள் முழுக்கத் தமிழ்ப் பிரதிகள் வந்தபடி இருக்கும். யாராவது யாரையாவது மிஞ்சாத மலரை நான் இன்னும் பார்க்கவில்லை. அதனால் இந்த ஒரு வினைச்சொல்லைப் பற்றிய சந்தேகங்களும் ஓயாமல் வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட எழுதி வைப்பது லேசு. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

விஞ்சு என்றால் என்ன? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

ஏதோ ஒரு விஷயத்தில் இன்னொருவரைக் காட்டிலும் மேலே போவது. இந்த வினைக்கு மூன்று விவரம் வேண்டும்: யார், யாரை, எதில். “பேச்சில் அண்ணனை விஞ்சினாள்” என்றால் மூன்றும் வந்துவிட்டன. இந்த மூன்றில் பெரும்பாலானோர் விட்டுவிடுவது “எதில்” என்பதை. அதனால் வருகிற வில்லங்கத்தைக் கீழே சொல்கிறேன்.

விஞ்சுகிறாள், விஞ்சினாள், விஞ்சுவாள்; விஞ்சி, விஞ்சிய, விஞ்சாத. இவ்வளவுதான். வடிவத்தில் ஒரு சிக்கலும் இல்லாத வினை இது.

மிஞ்சு, விஞ்சு ரெண்டும் ஒண்டுதானே சேர்?

மேலே போவது என்ற பொருளில் ஆம், ஒன்றுதான். தமிழில் வகரமும் மகரமும் இடம் மாறுவது புதிதல்ல. விழிப்பதை முழிப்பது என்கிறோம், வானம் பார்த்த பூமி சிலர் வாயில் மானம் பார்த்த பூமி ஆகிறது.

ஆனால் மிஞ்சு கூடுதலாக இரண்டு வேலை செய்கிறது. தேவை போக மீந்து நிற்பதையும் அது குறிக்கும், அடங்காமல் நடப்பதையும் குறிக்கும். விஞ்சுக்கு இந்த இரண்டும் இல்லை. அதனால் விஞ்சு வரும் இடத்தில் எல்லாம் மிஞ்சு போட்டால் பெரும்பாலும் பொருள் தப்பாது. மிஞ்சு வரும் இடத்தில் எல்லாம் விஞ்சு போட முடியாது. “நேற்று விஞ்சிய சோறு” என்று எழுதினால் சோறு யாரோடு போட்டி போட்டது என்று கேட்பார்கள்.

சோறு மிஞ்சிப்போச்சு என்கிறோம். முதலாவதாக வருவதையும் மிஞ்சினான் என்கிறோம். எப்படி ஒரே சொல்?

இரண்டிலும் இருப்பது ஒரு அளவைத் தாண்டிய கூடுதல். சோறு பசியின் அளவைத் தாண்டியது, பிள்ளை மற்றப் பிள்ளைகளின் அளவைத் தாண்டியது. “மிச்சம்” என்ற சொல்லைப் பாருங்கள். மீந்ததும் மிச்சம்தான், நம்மூரில் பலர் “மிச்சம் நல்லது”, “மிச்சம் சந்தோசம்” என்று “மிகவும்” என்ற பொருளிலும் அதையே சொல்கிறார்கள். வள்ளுவர் 85ஆவது குறளில் விருந்தினர் உண்டபின் மீந்த உணவை “மிச்சில்” என்கிறார்.

“எஞ்சு” கொஞ்சம் வேறு. கழித்தபின் நிற்பது எஞ்சியது. பத்தில் எட்டுப் போனால் எஞ்சுவது இரண்டு. அதில் கூடுதல் என்ற எண்ணமே கிடையாது.

கலியாணத்தில் காலில் போடுகிற மிஞ்சியும் இதுவும் ஒன்றா? அப்புறம், விஞ்ஞானத்தில் இருப்பது விஞ்சா?

காலில் போடுகிற மிஞ்சி, அதாவது மெட்டி, பெயர்ச்சொல். “மிஞ்சிப் பேசாதே” என்பதில் வருவது வினையெச்சம். வாக்கியத்தில் இருக்கும் இடத்தைப் பார்த்தாலே பிரித்துவிடலாம்.

விஞ்ஞானத்துக்கும் விஞ்சுக்கும் உறவே இல்லை. அது வடமொழிச் சொல். ஞ்ஞ வேறு, ஞ்ச வேறு. இரண்டாவது கேள்வியைக் கேட்டவர் ஏழாம் வகுப்பு.

“அவரை விட விஞ்சினார்” என்று எழுதியிருந்தேன். ஏன் சிவப்புக் கோடு?

ஒப்பிடுவதற்கு இரண்டு வழி உண்டு. “அவரை விட நன்றாகப் பாடினார்” என்பது ஒன்று, “பாட்டில் அவரை விஞ்சினார்” என்பது மற்றது. விஞ்சு என்ற வினைக்குள்ளேயே “விட” இருக்கிறது, திரும்பவும் போட வேண்டாம். “அவரை விட அதிகமாக விஞ்சினார்” என்று வந்தால் இரண்டு கோடு போடுவேன்.

கோட்டுக்கு இன்னொரு காரணமும் உண்டு, ஒற்று. “விஞ்சிச் சென்றார்”, “விஞ்சிப் பாடினார்” என்று வினையெச்சத்துக்குப் பின் வல்லினம் மிகும். “விஞ்சிய சாதனை”, “விஞ்சிய பாடகி” என்று பெயரெச்சத்துக்குப் பின் மிகாது. பிரதிகளில் நான் அதிகம் திருத்துவது இதைத்தான்.

“அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு” என்றுதானே பழமொழி? நீங்கள் ஏன் ஐ போடச் சொல்கிறீர்கள்?

எதிரே நிற்பது ஆளா எல்லையா என்று பாருங்கள். ஆளை மிஞ்சினால் ஐ: தம்பியை மிஞ்சினான். எல்லையை மிஞ்சினால் கு: அளவுக்கு மிஞ்சிய சாப்பாடு, வரவுக்கு மிஞ்சிய செலவு, வயதுக்கு மிஞ்சிய பேச்சு, சக்திக்கு மிஞ்சிய கடன். எல்லைக்கு ஐ போட்டாலும் குற்றமில்லை, “அளவை மிஞ்சி” என்றும் எழுதுகிறார்கள். ஆனால் கு போட்டது காதுக்கு இதமாக இருக்கிறது.

ஆளுக்குக் கு போட்டால்தான் வில்லங்கம். “தம்பிக்கு மிஞ்சியது” என்றதும் முன் பதிலில் சொன்ன மீதிக் கணக்கு வந்துவிடும். தம்பிக்கு மிஞ்சியது நூறு ரூபா என்று வாசகர் தானாகவே வாக்கியத்தை முடித்துக்கொள்வார்.

உயிரில்லாத பொருளுக்கு விஞ்சு போடலாமா?

தாராளமாக. 2019இல் திறந்துவைத்த தாமரைக் கோபுரம் சுமார் 350 மீற்றர். கோட்டையில் நிற்கும் உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரங்கள் 152 மீற்றர். “உயரத்தில் தாமரைக் கோபுரம் இரட்டைக் கோபுரங்களை விஞ்சி நிற்கிறது” என்பது நல்ல வாக்கியம். “விஞ்சி நிற்கிறது” என்ற சேர்க்கை பொருள்களுக்கு நன்றாகப் பொருந்தும், ஏனென்றால் அது ஒரு முறை நடந்து முடிந்த போட்டி அல்ல, இருக்கும் நிலை.

“காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ் 101ஐ விஞ்சியது” என்று மகன் கட்டுரையில் எழுதியிருக்கிறான். பிழையா?

பிழை. பாணந்துறை பஸ் மொரட்டுவை பஸ்ஸை முந்தியது. இடத்திலோ நேரத்திலோ முன்னுக்குப் போவது முந்து. அளவிலோ தரத்திலோ மேலே போவது விஞ்சு. வீதியில் எழுத்துக்கு “முந்திச் செல்லுதல்”, வாய்க்கு “ஓவர்டேக்”. பஸ்ஸுக்கு விஞ்சு போட வேண்டுமென்றால் வேறு வகையில் போடலாம்: “சத்தத்தில் 100 எல்லாவற்றையும் விஞ்சியது.” நம் தனியார் பஸ்களின் ஹோர்னைக் கேட்டவர்கள் மறுக்க மாட்டார்கள்.

முந்து சில சமயம் விஞ்சின் பக்கம் சாயும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். “தந்தை மகற்காற்றும் நன்றி அவையத்து முந்தி யிருப்பச் செயல்” என்ற 67ஆவது குறளில் மகன் சபைக்கு முதல் ஆளாக வந்து கதிரை பிடிக்க வேண்டும் என்று யாரும் பொருள் கொள்வதில்லை. கற்றவர் நடுவில் மேலாக விளங்குவது என்றுதான் கொள்கிறார்கள். முன்வரிசை என்றாலே மதிப்பு என்பதால் இந்தச் சாய்வு வந்திருக்கும். மகனுடைய கட்டுரையில் இருப்பது பஸ், அதனால் இந்தச் சலுகை அவனுக்கு இல்லை.

கிரிக்கெட் செய்தியில் ஒரு இடத்தில் “விஞ்சினார்”, இன்னொரு இடத்தில் “முறியடித்தார்”. எது சரி?

இரண்டும் சரி, எதிரே என்ன வருகிறது என்பதில்தான் வித்தியாசம். முறியடிப்பது சாதனையை, விஞ்சுவது ஆளையோ சாதனையையோ.

2007 டிசம்பரில் கண்டி அஸ்கிரிய மைதானத்தில் இங்கிலாந்தின் கொலிங்வூட்டை வீழ்த்தி முரளி தன் 709ஆவது டெஸ்ட் விக்கெட்டை எடுத்தார். அதுவரை ஷேன் வார்னின் 708தான் உச்சம். “முரளி வார்னை விஞ்சினார்” சரி. “வார்னின் சாதனையை முறியடித்தார்” சரி. “வார்னின் சாதனையை விஞ்சினார்” என்பதும் போகும். “வார்னை முறியடித்தார்” மட்டும் வேண்டாம். முறியடிப்பது படையையும் சதியையும் சாதனையையும். பாவம், வார்ன் அந்த ஆட்டத்தில் விளையாடவே இல்லை. 708இல் நின்றபோது என்ன எழுதுவது என்றும் ஒருவர் கேட்டார். அப்போது “சமன் செய்தார்”. சமனானவர் விஞ்சியவர் ஆகமாட்டார்.

இன்னொன்று நம் ஊரிலேயே நடந்தது. 1997இல் பிரேமதாச மைதானத்தில் இந்தியாவுக்கு எதிராக சனத் ஜயசூரிய 340 ஓட்டங்கள் எடுத்தார். 2006இல் எஸ்.எஸ்.சி. மைதானத்தில் தென்னாபிரிக்காவுக்கு எதிராக மஹேல ஜயவர்தன 374 எடுத்தார். ஆக மஹேல சனத்தை விஞ்சினார். ஆனால் பிரையன் லாராவின் 400 அப்போது ஏற்கெனவே இருந்தது, அதை விஞ்சவில்லை. அதே ஆட்டத்தில் மஹேலவும் சங்கக்காரவும் சேர்ந்து எடுத்த 624 ஓட்டங்கள், 1997 ஆட்டத்தில் சனத்தும் ரொஷான் மஹாநாமவும் சேர்த்த 576ஐ விஞ்சின. பாருங்கள், ஒரே ஆட்டம், ஒரே ஆள். யாரை, எதில் என்று சொல்லாமல் “மஹேல விஞ்சினார்” என்று தலைப்புப் போட்டால் வாசகருக்கு என்ன விளங்கும்?

விஞ்சுவதும் வெல்லுவதும் ஒன்றில்லையா?

வெல்ல ஒரு போட்டி நடந்திருக்க வேண்டும். விஞ்ச அது தேவையில்லை. எதிராளி ஓய்வு பெற்றிருக்கலாம், உயிரோடு இல்லாமல்கூட இருக்கலாம். கோல் அடிக்க முயன்ற தடவைகளின் எண்ணிக்கையில் எதிரணியை விஞ்சிய அணி ஆட்டத்தில் தோற்பதும் நடக்கிறதுதானே.

“புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளியை விஞ்சினாள்” என்று வாழ்த்து விளம்பரம் போடலாமா?

வெட்டுப்புள்ளி போட்டியாளர் அல்ல, கோடு. கோட்டைத் தாண்டுவார்கள். “வெட்டுப்புள்ளியைத் தாண்டிச் சித்தி பெற்றாள்” என்று போடுங்கள், அல்லது “வெட்டுப்புள்ளிக்கு மேல் பெற்றாள்”. பார்வையாளர் தொகை ஒரு இலட்சம் ஆனாலும் இதே கதைதான்: இலட்சத்தைத் தாண்டியது. போன வருடத் தொகையோடு ஒப்பிட்டால் மட்டும் விஞ்சியது.

“மிஞ்சிப்போனால்” என்கிறோமே, அதில் யார் யாரை மிஞ்சுகிறார்கள்?

யாரும் யாரையும் இல்லை. “எவ்வளவு கூடினாலும் இதற்கு மேல் போகாது” என்பதன் சுருக்கம் அது. வெள்ளவத்தையிலிருந்து பம்பலப்பிட்டிக்கு மிஞ்சிப்போனால் பத்து நிமிடம் என்று ஓட்டோக்காரர் சொல்வார். (பின்னேரம் ஐந்து மணிக்குச் சொன்னால் நம்ப வேண்டாம்.) “கூடிப்போனால்” என்று சொன்னாலும் அதேதான்.

“மிஞ்சிப்போனால் நூறு பேராவது வருவார்கள்” என்று மண்டப ஒழுங்குக் கடிதம் ஒன்றில் வந்தது. “மிஞ்சிப்போனால்” மேல் எல்லை, “ஆவது” கீழ் எல்லை. சாப்பாடு கொடுப்பவர் எத்தனை பொதி கட்டுவார்? கூடியது நூறு என்றால் “மிஞ்சிப்போனால் நூறு பேர்”; குறைந்தது நூறு என்றால் “நூறு பேராவது”. இரண்டில் ஒன்று.

ஒரு பத்திரத்தில் “ஐயாயிரம் ரூபாவை விஞ்சாத” என்று இருந்தது. சரியாக ஐயாயிரம் என்றால் உள்ளா, வெளியா?

உள்ளே. கிரிக்கெட் பதிலில் சொன்னதுதான்: சமனானவர் விஞ்சியவர் அல்லர். ஐயாயிரம் ஐயாயிரத்தை விஞ்சாது, ஐயாயிரத்து ஒன்று விஞ்சும். சட்டத் தமிழில் “மேற்படாத” என்றும் வரும், பொருள் ஒன்றுதான். “ஐயாயிரம் ரூபாவுக்குக் குறைந்த” என்று இருந்தால் மட்டும் சரியாக ஐயாயிரம் வெளியே போய்விடும். பேச்சிலிருந்து மறைந்துபோன விஞ்சு சட்டப் பத்திரங்களில் மட்டும் தினசரி வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

பேசும்போது விஞ்சு என்றால் சிரிக்கிறார்கள். வாயால் எப்படிச் சொல்வது?

சிரிக்கத்தான் செய்வார்கள். அது மேடைக்கும் தாளுக்கும் உரிய சொல். வீட்டில் “சமையலில் மாமியை அடிக்க ஏலாது” என்றால் போதும். “கணக்கில் அவளுக்குக் கிட்ட நிக்க ஏலாது” என்றாலும் அதேதான். “மிஞ்ச ஆளில்லை” என்பது பேச்சுக்கும் எழுத்துக்கும் நடுவில் நிற்கும், இரண்டிலும் செல்லும்.

“மகள் தாயை மிஞ்சிவிட்டாள்” என்று அரங்கேற்ற மலரில் போட்டோம். பெரியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். என்ன பிழை?

இலக்கணத்தில் ஒரு பிழையும் இல்லை. பெரியம்மாவிலும் பிழை இல்லை. முதல் பதிலில் சொன்ன “எதில்” இங்கே காணவில்லை. அது இல்லாவிட்டால் மிஞ்சு உடனே தன் மற்றப் பொருளுக்குப் போய்விடும், அதாவது அடங்காமை. “என்ன மிஞ்சி மிஞ்சிக் கதைக்கிறாய்?” என்று ஏச்சு வாங்காமல் வளர்ந்தவர் நம்மில் யார்? “கெஞ்சினால் மிஞ்சுவான், மிஞ்சினால் கெஞ்சுவான்” என்பதும் இந்த மிஞ்சுதான். “தாய் தகப்பனை மிஞ்சிவிட்டான்” என்று தெருவில் பேசிக்கொண்டால் பிள்ளை வீட்டை விட்டு யாரையோ கட்டிக்கொண்டு போய்விட்டான் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். பெரியம்மாவின் காதில் விழுந்தது அதுதான்.

இது இன்று நேற்று வந்த பொருளும் இல்லை. மிகு என்ற வினைக்கும் இதே குணம் உண்டு. “மிகுதியான் மிக்கவை செய்தாரைத் தாம்தம் தகுதியான் வென்று விடல்” என்ற 158ஆவது குறளில் மிகுதி என்பது செருக்கு, மிக்கவை என்பது செருக்கால் செய்த தீங்கு. அளவைத் தாண்டுவது எப்போதும் பாராட்டுக்குரியது என்று தமிழ் நினைத்ததே இல்லை.

திருத்தம் ஒரே சொல்தான்: “நடனத்தில் தாயை மிஞ்சிவிட்டாள்.” பெரியம்மாவும் கைதட்டுவார், தாய்க்கும் அந்தப் பாராட்டில் பாதி சேரும். அந்த ஒரு சொல்லுக்கு இடமே இல்லை என்றால் “தாயை விஞ்சிவிட்டாள்” என்று மாற்றுங்கள். விஞ்சுக்கு அடங்காமைப் பொருள் கிடையாது என்று இரண்டாவது பதிலில் சொல்லியிருக்கிறேன். கொஞ்சம் விறைப்பாக இருக்கும், ஆனால் சண்டை வராது.

அப்படியென்றால் “குருவை மிஞ்சிய சிஷ்யன்” மட்டும் எப்படிப் பாராட்டாகிறது? அதிலும் “எதில்” இல்லையே.

நல்ல கேள்வி. அங்கே “எதில்” ஒளிந்திருக்கிறது. குரு, சிஷ்யன் என்று சொன்னவுடனேயே அவர் கற்றுக்கொடுத்த வித்தை நடுவில் வந்துவிடும். தாய் மகள் உறவுக்குள் அப்படி ஒரே ஒரு விஷயம் இல்லை. தாய் மகளை எதில் வேண்டுமானாலும் மிஞ்சலாம், எதிலும் மிஞ்ச விடாமலும் இருக்கலாம்.

ஆனால் இந்தத் தொடர் கிண்டலுக்கும் நிறையப் பயன்படுகிறது என்பதை மறக்க வேண்டாம். சாட்டுச் சொல்வதில் கெட்டிக்காரரான ஒருவரிடம் வேலை பழகியவன் அவரையே ஏமாற்றினாலும் குருவை மிஞ்சிய சிஷ்யன்தான். மலரில் போடும்போது அந்தக் குரு எதற்குப் பேர்போனவர் என்று ஒருமுறை யோசித்துக்கொள்ளுங்கள்.

“அவர் தம்பியால் விஞ்சப்பட்டார்” என்று எழுதலாமா?

எழுதலாம், யாரும் வழக்குப் போட மாட்டார்கள். ஆனால் தமிழ் காது ஏற்கவில்லை. “தம்பி அவரை விஞ்சினார்” என்று திருப்புங்கள். அண்ணனையே எழுவாயாக வைக்க வேண்டும் என்றால் “தம்பிக்குப் பின்னால் போய்விட்டார்” என்று எழுதலாம். மொழிபெயர்ப்புப் பிரதிகளில்தான் இந்தப் “படு” அதிகம் வருகிறது.

பிரியாவிடை மடலில் எங்கள் அதிபரை “முன்னைய அதிபர்கள் அனைவரையும் விஞ்சியவர்” என்று போடச் சொல்கிறார்கள். போடலாமா?

இலக்கணப்படி போடலாம். அனைவரையும் விஞ்சுவது என்பது “எல்லாரிலும் சிறந்தவர்” என்று சொல்ல நம்மிடம் உள்ள வழிகளில் ஒன்று. ஆனால் அந்த முன்னைய அதிபர்களில் இரண்டு பேராவது அன்று முன்வரிசையில் இருப்பார்கள், அவர்களில் ஒருவர் பெரும்பாலும் உங்கள் பிரதம விருந்தினர்.

இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, “எதில்” என்பதைச் சுருக்குவது: “கட்டட நிதி திரட்டுவதில் அனைவரையும் விஞ்சியவர்.” உண்மையாகவும் இருந்தால் யாருக்கும் வலிக்காது. மற்றது, வினையையே மாற்றுவது: “முன்னையோர் எவருக்கும் சளைத்தவர் அல்லர்.” சளைக்காதவர் சமனாக நிற்கிறார், யாரையும் கீழே இறக்கவில்லை. நான் கேட்டவரிடம் இரண்டாவதைத்தான் எழுதிக் கொடுத்தேன். அவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, “சளைத்தவர் என்ற சொல் அதிபரின் பெயருக்குப் பக்கத்தில் வருகிறதே” என்றார். அப்படிப்பட்ட அதிபர் என்றால் முதலாவதைப் போடுங்கள், மடலை வாசிக்கப் போகிறவரிடம் “கட்டட நிதி” என்ற இடத்தில் குரலைக் குறைக்க வேண்டாம் என்றும் சொல்லி வையுங்கள்.